மருந்தில்லாத வரிசை

ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களில் கல்யாணமோ காதுகுத்தோ வந்தால், சாம்பார் வாளியை யார் தூக்குவது என்ற பேச்சே எழாது. லீலாவைக் கூப்பிடு என்பார்கள். ஆள் ஒடிசல். ஆனால் நிறைந்த வாளியோடு அவள் நடந்தால், முதல் இலையில் என்ன அளவு விழுந்ததோ அதே அளவு நாற்பதாவது இலையிலும் விழும். வேண்டியவன் இலைக்கு அடிக்காய், வேண்டாதவன் இலைக்கு மேல்தண்ணீர் என்பது அவளிடம் செல்லாது. ஒருமுறை ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு முருங்கைக்காயை அள்ளிப் போடும்படி பெண் வீட்டார் கண்ணைக் காட்ட, "ஒரே பந்தில ஒக்காந்துகினு ரெண்டு நாயமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டாள். பந்திவஞ்சனை செய்த கை விளங்காது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதைப்போல அதுவும் ஒன்று.

அந்தக் கைதான் 2003ஆம் வருஷம் ஒரு பெண்ணின் மூன்றரை வருஷ ஆராய்ச்சியைக் கெடுத்தது. கெட்டது எதனால் என்று லீலா ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போகும். அந்தச் சித்திரை மாதத்தை அவள் கடந்த கதை இது.

சுங்குவார்சத்திரத்துக்குத் தெற்கே, வேர்க்கடலை விளைந்துகொண்டிருந்த மேட்டில், மருந்துகளைப் பற்றிப் படிக்கிற கல்லூரி ஒன்று எழும்பியிருந்தது. லீலாவின் புருஷன் தணிகாசலம் கார் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் ஷிப்ட் வண்டி ஓட்டினான். அந்த வண்டியில் வந்த யாரோ சொல்லித்தான் கல்லூரியில் பெருக்கித் துடைக்கப் பெண்கள் வேண்டுமாம் என்று தெரிந்தது. பன்னிரண்டு பேர் போனார்கள். மேலாளர் எல்லோரையும் நிற்கவைத்து, எலிக்குப் பயப்படாதவர்கள் யார் என்று கேட்டார். பதினோரு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயலில் பார்க்காத எலியா என்று லீலா மட்டும் ஓரடி முன்னால் வந்தாள்.

வயல் எலி வேறு, இவை வேறு என்று கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. மல்லிகை மொட்டுப்போல் வெளுத்த எலிகள். குன்றிமணிக் கண்கள். கூண்டுக்குள் உமி மெத்தை. மேலே கவிழ்த்துவைத்த தண்ணீர் பாட்டில். வெளியே பைபாஸில் லாரிகள் இரைந்துகொண்டே இருக்கும்; உள்ளே வந்து கதவைச் சாத்தினால் காற்றாடி மட்டும் ஒரே சுருதியில் முனகும். ஜன்னலின் மங்கல் கண்ணாடி வழியே வருகிற வெளிச்சம் பாலில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்த மாதிரி இருக்கும். மத்தியானத்தில், உமி மாற்றி முடித்த கையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால், இருபத்துநான்கு எலிகளும் தூங்குகிற மூச்சு அவளுடைய மூச்சோடு சேர்ந்துகொள்ளும். மாமியார் சத்தம் இல்லை, ரேஷன் வரிசை இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்து மகள் ஐஸ்வர்யாவைப் பற்றிப் புகார் இல்லை. விழித்தபடியே கனவு காண அவளுக்குக் கிடைத்த முதல் அறை அது. அதன் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போவாள்.

சுகப்பிரியா வள்ளியூர்ப் பெண். இருபத்தெட்டு வயது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்து, பக்கத்து ஊர் மகளிர் விடுதியில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தாள். முதல் மாதம் லீலா அவளை மேடம் என்றாள். இரண்டாம் மாதம் இட்லிக்கு எள்ளுப்பொடி இல்லாமல் அந்தப் பெண் அழுததைப் பார்த்த பிறகு, பெயரும் மரியாதையும் தானாக உதிர்ந்து "இன்னாமே" என்று ஆகிவிட்டது. அவளும் தன் பங்குக்கு லீலாவை எக்கா என்றாள்.

ஆராய்ச்சி இன்னதென்று ஒரு மத்தியானம் சுகப்பிரியா சொன்னாள்.

"வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்குக்கா. இளஞ்செவப்பா, நாக்கு மாதிரி. அதுக்குள்ள அங்கங்க சின்னச் சின்னத் தீவு. இன்சுலின் சுரக்குத செல்லெல்லாம் அந்தத் தீவுலதான் கூட்டமா குடியிருக்கும். அது அழிஞ்சிட்டுன்னா, ரத்தத்துல ஓடுத சர்க்கரைய ஒடம்புக்குள்ள கூட்டிட்டுப் போக ஆளில்ல. அதான் சர்க்கரை வியாதி."

"தீவுன்னா, ஏரி நடுவுல மேடு கீதே, அந்த மாரியா?"

"அதே மாதிரிதான். அந்தத் தீவக் காப்பாத்த முடியுமான்னுதான் பாக்கேன்."

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரி வற்றி, தண்ணீருக்கு நடுவே மேடுகள் முதுகு காட்டத் தொடங்கியிருந்தன. பூந்தமல்லியில் இருந்த அக்காள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் லீலா பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே போவாள். ஒவ்வொரு மேட்டிலும் யாரோ குடியிருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிகிறது, கரையில் சர்க்கரை மூட்டைகள் வந்து இறங்கி, வாங்கிவைக்க ஆள் வரட்டும் என்று காத்துக் கிடக்கின்றன என்று அவள் மனம் கட்டிக்கொண்டே போகும். பஸ் திரும்பி ஏரி மறைந்த பிறகும் அந்த அடுப்புகளின் வெளிச்சம் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் நிற்கும்.

தீவைக் காக்கும் என்று சுகப்பிரியா நம்பிய மருந்து ஆவாரம்பூ. ஏரிக்கரையிலும் கல்குவாரி மேட்டிலும் பூத்துக் கிடந்ததை லீலாதான் கோணிகோணியாகப் பறித்துக்கொண்டு வந்தாள். நிழலில் காயவைத்து, காய்ச்சி வடிகட்டி, பசையாக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். தணிகாசலத்துக்கு இது பெரிய வேடிக்கை. ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று ஊரில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லுமே, அதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷமா என்று கேட்டுச் சிரித்தான்.

"வாயால சொன்னா ஆச்சா? காட்ட வாணாமா?" என்றாள் லீலா. அந்த வாக்கியம் சுகப்பிரியாவிடமிருந்து வந்தது. எப்படிக் காட்டுவது என்பது மட்டும் அவளுக்குச் சரியாகப் பிடிபட்டிருக்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் வேலை தொடங்கியது. மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் கூண்டு, கூண்டுக்கு ஓர் எலி. வெள்ளை அட்டை வரிசைக்கு எதுவும் கிடையாது. அவை ஆரோக்கியமாகவே இருக்கும். சிவப்பு, மஞ்சள் இரண்டு வரிசைக்கும் பதினைந்தாம் நாள் ஓர் ஊசி. அது மற்ற எதையும் தொடாமல் அந்தத் தீவுச் செல்களை மட்டும் தேடிப்போய்க் கொல்லும். மஞ்சள் வரிசைக்கு முதல் நாளிலிருந்தே ஆவாரம்பூக் கரைசல். சிவப்பு வரிசைக்கு அது கிடையாது. எதற்கு என்று லீலா கேட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சுகப்பிரியா அவசரத்தில் சொல்லிவிட்டு நிறுவைத் தராசுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் லீலா அதையும் பொறுத்துக்கொண்டாள். அவளால் தாங்க முடியாமல் போனது வேறு. மஞ்சள் வரிசை எலி ஒவ்வொன்றையும் சுகப்பிரியா கையில் எடுத்து, வாயில் சின்னக் குழாய் வைத்து, மருந்தை இறக்கினாள். பிறகு சிவப்பு வரிசைக்கு வந்தாள். அதே மாதிரி எடுத்தாள், அதே மாதிரி குழாயை வைத்தாள், வெறும் தண்ணீரை இறக்கினாள். பிடித்துத் தூக்கிக் குழாய் வைக்கிற பயம் இரண்டு வரிசைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காக என்றாள். லீலாவின் கண்ணுக்கு அது வெறுங்கரண்டியை இலைமேல் சாய்த்துக் காட்டிவிட்டுப் போவதாகப் பட்டது. போடாமல் தாண்டிப் போனால்கூடக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போட்டதாகப் பாவனை காட்டுவது என்ன நியாயம்? அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கரைசலைச் சுகப்பிரியா தினமும் கூடுதலாகவே கலக்குவாள். குடுவையில் பாதி மிஞ்சும். மறுநாளுக்கு ஆகாது, கழுவி ஊற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஐந்து மணிக் கல்லூரி வண்டியைப் பிடிக்க ஓடுவாள். மூன்றாம் நாள் மாலை, அந்தக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு லீலா தொட்டியருகே நின்றாள். தேன் நிறத்தில் ஒரு திரவம். தன் கையால் பறித்த பூ. கொட்டப் போகிற பொருள், யாருடைய பங்கையும் பிடுங்கியதாகாது. சிவப்பு வரிசையின் எட்டு பாட்டில்களையும் இறக்கி, அச்சிட்டிருக்கும் கோடு பார்த்து ஒவ்வொன்றிலும் ஒரே அளவு ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் நிரப்பி மாட்டினாள். எட்டும் குடித்தன. அன்று அவளுக்கு நல்ல பசி. காலையில் முதல் வேலையாகப் பாட்டில்களைக் கழுவி நல்ல தண்ணீர் வைத்தாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

ஊசி நாளன்று, மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னையிலிருந்து கொண்டுவந்த சுகப்பிரியா பூந்தமல்லி நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தாள். ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. வேர்த்து வடியப் பதினாறு எலிக்கும் போட்டு முடித்தாள். அன்று இரண்டு வரிசைக்கும் சர்க்கரைத் தண்ணீர் வைக்கச் சொன்னாள். சாகிற செல்கள் தம்மிடம் சேர்த்துவைத்த இன்சுலினை எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டுப் போகுமாம். அந்த வெள்ளத்தில் எலி மயங்கிச் சாகாமல் இருக்கத்தான் சர்க்கரை. லீலா அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், காலி செய்யப்போகும் வீட்டின் நெற்குதிரைத் திறந்து தெருவெல்லாம் நெல்லை இறைத்துவிட்டுப் போகிற யாரோ ஒரு குடும்பத்தை நினைத்துக்கொண்டே போனாள்.

பிறகு ஆறு வாரம். சர்க்கரை ஏறிய எலிக்குத் தாகம் தீராது. குடிக்கும், பெய்யும், உமி நனையும். எந்தக் கூண்டில் எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று லீலாதான் நோட்டில் எழுதுவாள். ஐந்தாம் வகுப்புப் படித்த குண்டுக் கையெழுத்து. ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. வெள்ளை வரிசை நாளுக்கு முப்பது மில்லி. சிவப்பு எழுபது. மஞ்சள் அறுபத்தைந்து. இரண்டு வரிசையும் ஒன்றுபோல் வளர்கிறது என்று அவளுக்குள் ஒரு பெருமை.

பங்குனிக் கடைசியில் எலிகளின் கணையத்தை எடுத்து மெல்லிசாக அறுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்த்தார்கள். துறைத்தலைவர் பெருமாள்சாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாராம்: சிவப்பும் மஞ்சளும் ஒன்றாக இருக்கிறது, ஒன்று உன் பூவுக்குச் சக்தியில்லை, அல்லது உன் ஊசி கெட்டுப்போயிருக்கிறது, எப்படிப் பார்த்தாலும் இதைவைத்து ஒரு வரி எழுத முடியாது.

சுகப்பிரியா எலி அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நாந்தான் கெடுத்தேன்க்கா. ஐஸ் உருகுனதப் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் போட்டேன். இன்னொரு நாள் போட்டிருக்கலாம்."

"அதான் ரெண்டும் நல்லாத்தான கீது?"

"நல்லா இருக்கக் கூடாதுக்கா. செவப்பு வரிசை விழணும். அது விழுந்தாத்தான் மஞ்சள் வரிசைய எது தாங்கிப் பிடிச்சுதுன்னு சொல்ல முடியும்."

காற்றாடி முனகிக்கொண்டிருந்தது. காலியான கூண்டுகள் மூன்று அடுக்காக நின்றன. லீலாவின் கைகள் மடியில் இருந்தன. அவை யாருடையவோ போலக் கனத்தன. அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உதவித்தொகை ஆனியோடு முடிகிறது, அப்பா வள்ளியூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார், சித்திரையில் போய்விடுகிறேன் என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது.

எட்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. தணிகாசலத்திடம் மட்டும் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. ஷிப்ட் வண்டி ஒப்பந்தம் எப்போது கைமாறுமோ தெரியாது, வீட்டில் நிலையாக வருவது உன் சம்பளம்தான், தப்பை ஐஸ் மேல் போட்டுவிட்டு அந்தப் பெண்ணே ஒத்துக்கொண்ட பிறகு நீ எதற்குத் தலையைக் கொடுக்கிறாய் என்றான். அவன் சொன்னதில் தப்பேதும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த எட்டு நாளும் ஒரே கனவு. ஏரி முழுக்க வற்றிக் கிடக்கிறது. தீவு எது, கரை எது என்று பிரிக்க முடியவில்லை. எல்லாம் ஒரே மண். சுகப்பிரியா அதில் நடந்து நடந்து, இங்கேதான் இருந்தது, இங்கேதான் இருந்தது என்று தேடுகிறாள். லீலா கூப்பிடுகிறாள். கூப்பிடுகிற குரல் உமியாக உதிர்கிறது.

ஒன்பதாம் நாள் சுகப்பிரியா தன் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கயிறு கட்ட லீலாவைப் பிடிக்கச் சொன்னாள். லீலா கயிற்றைப் பிடித்தாள், பிடித்தவள் விடவில்லை.

"அந்த மஞ்சத் தண்ணிய நான் கொட்டல."

"எந்தத் தண்ணி?"

"நீ கழுவி ஊத்தச் சொல்லுவியே, அது. செவப்பு அட்டைக்கு ஊத்தனேன்."

சுகப்பிரியா நிமிர்ந்தாள். "என்னைக்கி?"

"மூணாம் நாள்லேர்ந்து. தெனமும்."

"எவ்வளவு?"

"பாட்டில்ல முப்பதுன்னு ஒரு கோடு போட்டுகீதே. எட்டுக்கும் அது வரைக்கும்."

"ஏன்க்கா இப்படிச் செஞ்சிய?"

"வெறுங்குழாய வாயில வெச்சி அதுங்கள ஏமாத்தனியே. என்னால பாத்துகினு நிக்க முடியல. இதுனால உன் படிப்பு போவும்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "செஞ்சிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கறேன்" என்றாள்.

சுகப்பிரியாவின் முகத்தில் முதலில் கோபம் வந்தது. லீலா அதற்குத் தயாராகவே இருந்தாள். ஆனால் அது நிற்காமல் கடந்துபோய், அதன் பின்னாலிருந்து வேறு ஏதோ வந்தது. பெட்டியைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் நோட்டை எடுத்தாள். சிவப்பு எழுபது, மஞ்சள் அறுபத்தைந்து. விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். அப்படியானால் ஊசி கெட்டுப்போகாமலும் இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அப்படியானால் பூ, என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப பூ வேலை செஞ்சிச்சா?" என்றாள் லீலா.

"தெரியலக்கா. அதச் சொல்லுததுக்கு எனக்கு உரிமை இல்ல. மறுபடியும் முதல்லருந்து செஞ்சாத்தான்."

மறுபடி செய்யப் பெருமாள்சாமி ஒப்புக்கொள்ள வேண்டும், இருபத்துநான்கு எலிக்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும், காரணம் கேட்பார்கள். உங்கள் பெயரைச் சொல்லமாட்டேன் என்றாள் சுகப்பிரியா. லீலா முகத்தைக் கழுவிக்கொண்டு, தானே துறைத்தலைவர் அறைக் கதவைத் தட்டினாள். அவர் முழுவதையும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அன்னதானம் போடுகிற இடம் என்று நினைத்தாயா அம்மா இதை என்று மட்டும் கேட்டுவிட்டு, மேசைமேல் கையை நீட்டினார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை வைத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் அவிழ்க்க நேரம் பிடித்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையைவிட்டு அனுப்பவில்லை. வராந்தா பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் அவள் எலி அறைக் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு போய்வந்தாள். உள்ளே இப்போது வேறொரு மாணவரின் எலிகள்; ஒப்பந்தத்தில் வந்த ஆள் உமியை நாளுக்கு ஒரு தடவைதான் மாற்றினான். மூத்திர நெடி கதவுக்கு வெளியே வரும்போதெல்லாம் அவளுக்கு மூக்கைவிட நெஞ்சுதான் எரிந்தது. மகளுக்கு வைத்த மீன்குழம்பில் உப்புப் போட மறந்தாள். கண்ணை மூடினால் மங்கல் கண்ணாடி வெளிச்சம் வந்தது. அதில் எலிகள் இல்லை.

குழுவின் அனுமதியும் உதவித்தொகைக்கு நீட்டிப்பும் கிடைத்து, புது எலிகள் வந்த வாரத்திலேயே இரண்டு செத்தன; பதிலுக்கு வேறு இரண்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் சுகப்பிரியா பெருமாள்சாமியிடம் போய், இந்த அறையை நடத்த லீலாக்கா வேண்டும் என்று நின்றாள். ஏமாற்றிய ஆளையேவா என்று அவர் கேட்டாராம். எழுதின எண்ணில் ஒன்றில்கூட ஏமாற்றாத ஆள் சார் என்று இவள் சொன்னாளாம். கடைசியில் அவர் ஒரு தாள் எழுதவைத்தார். சிவப்பு வரிசைக்குத் தண்ணீரும் தீவனமும் தவிர வேறெதுவும் தரமாட்டேன். லீலா அதை இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

சிவப்பு வரிசையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சுகப்பிரியா சொன்னாள். அக்கா அந்தப் பக்கம் போகவே வேண்டாம், மனசு கேட்காது.

"வாணாம். நானே பாக்கறேன்," என்றாள் லீலா. "மருந்துதான் இல்ல. தண்ணியாச்சும் ஒழுங்கா கெடைக்கணும் இல்ல?"

ஊசி போட்ட மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரிந்தது. சுகப்பிரியா ரத்தம் எடுத்துப் பார்க்கக் குறித்த நாள் இன்னும் தள்ளி இருந்தது. லீலாவுக்கோ பாட்டிலைக் கொக்கியிலிருந்து எடுத்தால் கையே சொல்லியது. மஞ்சள் வரிசைப் பாட்டிலில் கனம் மிச்சமிருந்தது. சிவப்பு வரிசைப் பாட்டில் இறகுபோல மேலே வந்தது. நாளுக்கு இரண்டு முறை நிரப்பினாள், பிறகு மூன்று முறை. நூற்றிருபது, நூற்றைம்பது என்று நோட்டில் குண்டுக் கையெழுத்து ஏறிக்கொண்டே போனது. எட்டும் மெலிந்தன. முதுகு மயிர் எண்ணெய் காணாத தலைபோல் சிலிர்த்து நின்றது. தினமும் மாலை ஐந்து மணிக்கு, குடுவையில் மிஞ்சியதைத் தொட்டியில் சாய்த்தாள். தேன் நிறம் வெள்ளைப் பீங்கானில் சுழன்று ஓட்டைக்குள் இறங்குவதைக் கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்தாள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மனுக்குக் கூழ் வார்த்தார்கள். வழக்கம்போல் அகப்பையை அவளிடம் நீட்டினார்கள். கை வலிக்கிறது, கன்னியப்பன் பெண்சாதியிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் வாங்குகிறவர்களின் வரிசையில் போய்க் கடைசியாக நின்றாள். கைக்கு என்ன என்று நாலு பேர் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றாள். வேப்பிலையும் கேழ்வரகும் கலந்த வாசனையில் வெயில் தூங்கிக்கொண்டிருந்தது. கூழை வாங்கிக் குடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனாள். சிவப்பு வரிசைக்கு அது இரண்டாவது தண்ணீர் நேரம்.

ஆவணி முதல் வாரத்தில் சுகப்பிரியா வால் நுனியிலிருந்து ஒவ்வொரு சொட்டு ரத்தமாக எடுத்தாள். சின்னக் கருவியில் எண் வரும். அவள் வாய்விட்டுப் படிப்பாள். மஞ்சள் வரிசை முதலில். இருநூற்று முப்பத்தாறு. இருநூற்றுப் பதினெட்டு. இருநூற்று ஐம்பது. வெள்ளை வரிசையின் நூறுக்கு அது வந்துவிடவில்லை. தீவெல்லாம் தப்பிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு சிவப்புக்கு வந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்று நாற்பது. எட்டாவது எண்ணுக்குப் பிறகு கருவியை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தோள்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"எக்கா, ரெண்டும் ஒண்ணா இல்லக்கா. பாத்தியளா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மூணாம் நாள்லேர்ந்து."

"சொல்லவே இல்லையே நீங்க."

"தண்ணி மட்டும் குடுன்னுதான கையெழுத்து வாங்கினீங்க," என்றாள் லீலா.

சுகப்பிரியா அவள் கையைப் பிடித்து இழுத்து நோட்டைக் காட்டினாள். இரண்டு பத்தி எண்கள், நடுவில் ஒரு கோடு. லீலா பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம்தான், அந்தப் பெண்ணின் மூன்றரை வருஷம் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வலப்பக்கப் பத்தியின் ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தக் கூண்டு, எந்த முகம் என்றும் அவளுக்குத் தெரியும். அதில் ஐந்தாவது எண்ணுக்கு உரியது இரண்டு நாளாகத் தீவனம் தொடவில்லை.

"நீ எழுதிக்கோ. இதுங்களுக்குத் தண்ணி தீந்துபோச்சி," என்று சொல்லிவிட்டு, எட்டுக் காலிப் பாட்டில்களையும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அந்த வருஷம் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. முதல் பாட்டிலை அதன் அடியில் பிடித்து, கழுத்துவரை ஏறட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.